மருந்தானாலும் நஞ்சானாலும் அதன் பெயரை அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கும்பகோணத்தில் ஒரு மருந்துக் கடையில் உட்காருகிறேன். காலையில் கடை திறந்ததும் முதல் வேலை உங்கள் நாளிதழைப் படிப்பதுதான். ரொம்ப நாளாக மனதில் இருக்கும் ஒரு கோரிக்கையை இன்று எழுதிவிடுகிறேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும், இடம் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் செய்திப் பிரிவில் உள்ளவர்களாவது முழுதாகப் படித்துப் பாருங்கள்.

மருந்து, விஷம், கலப்படம் என்று எது பற்றிச் செய்தி போட்டாலும் அதில் இருந்த பொருளின் பெயரைப் போடுங்கள், எவ்வளவு இருந்தது என்ற அளவையும் போடுங்கள். "நச்சு ரசாயனம் கலந்திருந்தது", "ரசாயனம் வைத்த மாம்பழங்கள் பறிமுதல்", "வலி மாத்திரை சாப்பிட்டவர் கவலைக்கிடம்" என்று படிக்கிறவருக்குப் பயம் வருகிறதே தவிர, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெரிவதில்லை. வாசகர்களுக்கு வேதியியல் பெயர்கள் புரியாது என்று நினைத்து விட்டுவிடுகிறீர்கள் போலிருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க எங்கள் கடைக்கு வரும் எழுபது வயதுப் பாட்டி "மெட்ஃபார்மின் ஐந்நூறு, அம்லோடிபின் அஞ்சு, பத்து நாளைக்குக் கொடுப்பா" என்று தடுமாறாமல் கேட்கிறார். அரசு மருத்துவமனையில் கம்பெனிப் பெயர் கிடையாது, பொதுப்பெயரில்தான் மாத்திரை தருவார்கள், அதனால் அவருக்கு அந்தப் பெயர்தான் பழக்கம். அவருக்கு வரும் பெயர் உங்கள் வாசகர்களுக்கு வராதா?

முதலில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலைக் கரைப்பான். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சின்னக் குழந்தைகள் அடுத்தடுத்து சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள், 20 பேருக்கும் மேல். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் என்ற சளி, இருமல் மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்ததில் அந்த சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. மருந்தில் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட உச்சவரம்பு 0.1 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நடந்தது என்னவென்று உறைக்கும். கை தவறிக் கொஞ்சம் கலந்துவிட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை, பாட்டிலில் பாதி அந்தப் பொருள்தான். "அதிக அளவில் நச்சு" என்று எழுதினால் இது எப்படித் தெரியும்?

இந்தப் பொருள் ஏன் இருமல் மருந்துக்குள் வருகிறது என்பதையும் மக்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த சிரப்பில் காய்ச்சல் மருந்தான பாராசிட்டமாலும் உண்டு, அது தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால் சிரப் செய்கிறவர்கள் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் மாதிரி ஒரு கரைப்பானைச் சேர்ப்பார்கள். இரண்டுமே மருந்தில் சேர்க்க அனுமதி உள்ளவை, உரிய அளவில் தீங்கில்லாதவை. கிளிசரினில் மூன்று கார்பன், ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி, அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு. புரோப்பிலீன் கிளைக்காலில் அதே மூன்று கார்பன், ஆனால் ஹைட்ராக்சில் இரண்டுதான். டைஎத்திலீன் கிளைக்கால் என்பது எத்திலீன் கிளைக்காலின் இரண்டு துண்டுகளை நடுவில் ஒரு ஆக்சிஜன் சேர்த்துப் பிடித்திருப்பது. மூன்றுமே நிறமில்லாதவை, மணமில்லாதவை, கெட்டியாக வழிபவை, நாக்கில் பட்டால் இனிப்பவை. கண்ணால் பார்த்தோ நுனி நாக்கில் வைத்தோ எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. பிரேக் ஆயில், அச்சு மை போன்ற தொழிற்சாலை வேலைகளுக்குப் போகும் சரக்கு மலிவு, மருந்துத் தரச் சரக்கு விலை அதிகம். வாங்கும் ஒவ்வொரு பீப்பாயையும் கேஸ் குரோமட்டோகிராபி என்ற ஆய்வகச் சோதனையில் ஏற்றிப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது என்னவென்று தெரியும். அந்த ஒரு சோதனையைச் செய்யாமல் விட்டால் மிச்சமாவது கொஞ்சம் நேரமும் கொஞ்சம் பணமும்.

இது புதிய விபத்தும் இல்லை, அதுதான் எனக்கு ஆறாத கோபம். 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைட் என்ற அருமையான மருந்தைத் திரவமாக்க ஒரு கம்பெனி டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து, ராஸ்பெரி வாசனை சேர்த்து விற்றது. 100 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் குழந்தைகள் நிறைய. விற்கும் முன் நச்சுத்தன்மையைச் சோதிக்க வேண்டும் என்று அப்போது சட்டமே இல்லை, அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 1938இல் அங்கே புதிய சட்டம் வந்தது. நம் நாட்டில் 1970களின் தொடக்கத்தில் இதே சென்னையில் இதே பொருளால் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினில் இது கலந்து 14 நோயாளிகள் போனார்கள். 2022இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் இறந்தார்கள், சந்தேகம் விழுந்தது இந்தியாவில் தயாரான சிரப்புகள் மீது. அதன் பிறகு 2023 ஜூன் 1 முதல், ஏற்றுமதியாகும் இருமல் மருந்துகளை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்துச் சான்று வாங்க வேண்டும் என்று விதி போட்டார்கள். வெளிநாட்டுக் குழந்தைக்குப் போகும் பாட்டிலுக்கு அந்தச் சோதனை, சிந்த்வாரா குழந்தைக்குப் போன பாட்டிலுக்கு அப்போது அந்த விதி இருக்கவில்லை. ஒரே பெயர், ஒரே பொருள், எத்தனை தலைமுறை. ஒவ்வொரு முறையும் "நச்சு ரசாயனம்" என்றே எழுதினால் இவை ஒரே தொடர்கதை என்று வாசகருக்கு எப்படித் தெரியும், கேள்வி கேட்க எப்படித் தோன்றும்?

இதில் தாய்மார்களுக்குத் தேவையான இன்னொரு விஷயம் உண்டு. அந்த சிரப்பில் இருக்க வேண்டிய மருந்துகளில் குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் என்ற இரண்டும் அடக்கம். இந்த இரண்டும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவு போட்டுவிட்டது. விஷமே கலக்காத நல்ல பாட்டிலாக இருந்தாலும் இரண்டு வயதுக் குழந்தைக்கு அது வேண்டாம் என்று அர்த்தம். சின்னக் குழந்தைக்கு வரும் சாதாரண சளி பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். வீட்டில் சிரப் பாட்டில் இருக்கிறவர்கள் இந்த இரண்டு பெயரும் அதில் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். "விஷச் சாராயம்" என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது, தலைப்புக்கு அது சரிதான். ஆனால் மெத்தனால் என்ன செய்கிறது என்பதை உள்ளூர் ஜனங்களுக்குச் சொல்லியிருந்தால் உயிர் காக்க உதவியிருக்கும் என்று நான் நம்புகிறேன். எத்தனால், அதாவது குடிக்கும் சாராயத்தில் இருப்பது, இரண்டு கார்பன் கொண்டது. மெத்தனால் ஒரு கார்பன். குடித்தவுடன் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மெத்தனாலைக் கல்லீரல் ஃபார்மால்டிஹைடாக்கி, பிறகு ஃபார்மிக் அமிலமாக்குகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கிறது, ரத்தத்தின் அமிலத்தன்மையை ஏற்றி ஆளைக் கொல்கிறது. அமிலம் சேர்வதற்கு நேரம் பிடிக்கும், அரை நாளோ ஒரு நாளோ கூட ஆகலாம். முந்தின நாள் குடித்தவர் "எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்று வீட்டில் படுத்திருப்பது அதனால்தான். வயிற்று வலி, வாந்தி, பார்வை மங்கல் வரும்போது பலருக்கு ரொம்பத் தாமதமாகியிருக்கும். அதே கடையில் வாங்கிக் குடித்தவர் எல்லோரும், உடம்பு நன்றாக இருந்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்று பெட்டிச் செய்தியாகவே போட்டிருக்க வேண்டும்.

மெத்தனாலை விஷமாக மாற்றும் நொதியின் பெயர் ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ். டைஎத்திலீன் கிளைக்காலைச் சிறுநீரகத்தைச் சிதைக்கும் டைகிளைக்காலிக் அமிலமாக மாற்றும் வேலையைத் தொடங்குவதும் இதே நொதிதான். கருணாபுரத்துத் தொழிலாளிக்கும் சிந்த்வாரா குழந்தைக்கும் உடம்புக்குள் நடந்தது ஒரே கதவு வழியாக நடந்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு மனசு என்னவோ செய்கிறது. மாற்றுமருந்து வேலை செய்வதும் அங்கேதான். ஃபோமெபிசோல் என்ற மருந்து அந்த நொதியை அடைத்துவிடும். அது கிடைக்காத இடத்தில் மருத்துவர்கள் எத்தனாலையே அளந்து கொடுப்பதும் உண்டு, பஸ்ஸில் ஒரே ஒரு சீட்டில் முந்தி உட்கார்ந்துகொள்கிற ஆள் மாதிரி எத்தனால் அந்த நொதியைப் பிடித்துக்கொள்ளும், மெத்தனால் மாறாமல் அப்படியே இருந்து சிறுநீரிலும் மூச்சிலும் டயாலிசிஸிலும் வெளியேறும். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் சாராயம் கொடுத்து வைத்தியம் பார்க்கக் கூடாது, ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்து மருத்துவமனையில் மட்டுமே செய்ய வேண்டியது அது.

மாம்பழத்துக்கு வருகிறேன். ஏப்ரல், மே வந்தால் கோயம்பேட்டில் சோதனை, டன் கணக்கில் பழங்கள் அழிப்பு என்று வரும், நல்ல செய்திதான், அதிகாரிகளைப் பாராட்டுகிறேன். ஆனால் எந்த ரசாயனம்? கால்சியம் கார்பைடா, எத்திலீனா? கார்பைடு கல் ஈரம் பட்டால் அசெட்டிலீன் வாயு வரும். வெல்டிங் பட்டறையில் எரிப்பது அதைத்தான். தொழிற்சாலைத் தரக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கழிவுகள் ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால்தான் பழத்துக்கு அதை வைக்கக் கூடாது என்று தடை. எத்திலீன் அப்படியில்லை. மாங்காய், வாழை, பப்பாளி எல்லாம் பழுக்கும்போது தாமே வெளியிடும் வாயு அது. நம் ஊரில் வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைப்பார்களே, அந்தப் புகையில் எத்திலீன் இருக்கிறது. அரிசிப் பானைக்குள் மாங்காயைப் புதைத்து வைத்தால் சீக்கிரம் பழுப்பது, அது விடும் எத்திலீன் வெளியே போகாமல் அங்கேயே சுற்றி நிற்பதால். பழம் தானே எத்திலீன் உண்டாக்குகிறது என்று இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன் 1934இல் நிரூபித்தார், நம் பாட்டிகள் அதற்கு எவ்வளவோ முன்னாலேயே அதைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 100 பிபிஎம் வரை, அதாவது காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு வரை, எத்திலீன் வாயுவைப் பழுக்க வைக்கும் அறையில் விடலாம் என்று அனுமதித்திருக்கிறது.

அசெட்டிலீனுக்கும் எத்திலீனுக்கும் இரண்டே இரண்டு ஹைட்ரஜன் அணுதான் வித்தியாசம். "ரசாயனம் வைத்துப் பழுக்க வைத்தார்கள்" என்ற ஒரே வரியில் இரண்டையும் அடைத்துவிட்டால், கடன் வாங்கி ஒழுங்காக எத்திலீன் அறை கட்டிய வியாபாரியும் ராத்திரியில் கார்பைடு பொட்டலம் வைப்பவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். பிறகு யார் எதற்குச் செலவு செய்து முறையாகச் செய்வார்கள்?

இனி நான் தினமும் பார்க்கும் விஷயம், பாராசிட்டமால். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். காய்ச்சல் என்றால் டோலோ 650, சிலர் கால்பால், சிலர் க்ரோசின். மூன்றும் பாராசிட்டமால்தான் என்று சொன்னால் "அப்படியா சார்" என்று ஆச்சரியப்படுகிறவர்கள் இன்றும் உண்டு, படித்த பிள்ளைகள் உட்பட. சரி, அதனால் என்ன என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் ஒரு நாளைக்கு நான்கு, ஆக 2,600. மூக்கு ஒழுகுகிறது என்று சளி மாத்திரை மூன்று வேளை, அதில் பல பிராண்டுகளில் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது, ஆக 1,500. இப்போதே 4,100. கை கால் வலி என்று அசெக்ளோஃபெனாக் கலவை மாத்திரை காலையும் ராத்திரியும், ஒவ்வொன்றிலும் 325, இன்னொரு 650 ஏறிவிட்டது. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4,000. மூன்று வேறு வேறு மாத்திரை என்று நினைத்து ஒரே மருந்தை 4,750 சாப்பிட்டிருக்கிறார். தினமும் குடிப்பவர், ஒல்லியாகச் சாப்பாடு இறங்காமல் கிடப்பவர் என்றால் 4,000 கூட அதிகம்.

கல்லீரல் இந்த மருந்தின் பெரும்பகுதியை ஆபத்தில்லாமல் மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். ஒரு சின்னப் பங்கு மட்டும் வேறு வழியில் போய், கல்லீரல் செல்களை அரிக்கக்கூடிய ஒரு பொருளாக மாறுகிறது, பெயர் நாப்கி என்று சுருக்கமாகச் சொல்வோம். அதை உடனுக்குடன் பிடித்து முடக்க நம் கல்லீரலில் குளூட்டாதயோன் என்ற மூலக்கூறு கையிருப்பில் இருக்கிறது. மருந்து அளவுக்கு மேல் போனால் கையிருப்பு தீர்ந்துபோகும், நாப்கி செல்களைத் தாக்கத் தொடங்கும். இதில் கொடுமை என்னவென்றால் முதல் நாள் ஒன்றும் தெரியாது, கொஞ்சம் குமட்டல் இருக்கும், அதுவும் காய்ச்சலால் என்று தோன்றும். இரண்டாம் மூன்றாம் நாள்தான் கல்லீரல் கெட்டது தெரியும். அளவு மீறியது எட்டு மணி நேரத்துக்குள் தெரிந்து மருத்துவமனைக்குப் போனால் என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்தைக் கொடுத்துக் கிட்டத்தட்ட எல்லோரையும் காப்பாற்றிவிடலாம், அது உள்ளே போய் குளூட்டாதயோனை மறுபடி உண்டாக்க உதவும். கெட்டிச் சளியைக் கரைக்கத் தண்ணீரில் நுரைக்கப் போட்டுக் குடிக்கும் மாத்திரையிலும் இருப்பது இதே மூலக்கூறுதான். இப்படி ஒரு பொருள் நம் அலமாரியிலேயே சளி மருந்தாகவும் உயிர் காக்கும் மாற்றுமருந்தாகவும் இருப்பது எனக்கு இத்தனை வருஷம் கழித்தும் வியப்பாகவே இருக்கிறது.

பாராசிட்டமால் வந்த கதையும் பெயரைச் சார்ந்ததுதான். 1886இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கான், ஹெப் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் குடல் புழுவுக்கு நாஃப்தலீன் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நாம் அலமாரியில் போடும் அந்துருண்டைப் பொருள்தான். மருந்துக் கடையிலிருந்து நாஃப்தலீனுக்குப் பதிலாக அசிட்டனிலைடு வந்துவிட்டது. புழு போகவில்லை, ஆனால் காய்ச்சல் குறைந்தது. உடனே அசிட்டனிலைடைக் காய்ச்சல் மருந்தாக விற்கத் தொடங்கினார்கள், சாப்பிட்ட சிலருக்கு உதடும் நகமும் நீலம் பாரித்தது, ரத்தத்தில் ஆக்சிஜன் ஏந்தும் திறனை அது கெடுத்துவிடும். 1948இல் நியூயார்க்கில் பிராடி, ஆக்செல்ராட் இருவரும் உடம்புக்குள் அசிட்டனிலைடு பாராசிட்டமாலாக மாறித்தான் காய்ச்சலைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். நீலம் பாரிக்கும் தொல்லை இல்லாமல் பாராசிட்டமாலையே நேராகக் கொடுக்கலாம் என்று ஆனது அதற்குப் பிறகுதான்.

2018 செப்டம்பரில் ஒரு நல்ல விதி வந்தது, மாத்திரை அட்டையில் பொதுப்பெயர் பிராண்டு பெயரைவிட இரண்டு எழுத்தளவாவது பெரிதாக இருக்க வேண்டும் என்று. ஆனால் மூன்று மருந்தோ அதற்கு மேலோ கலந்த மாத்திரைகளுக்கு விலக்கு. சளி மாத்திரைகள் பெரும்பாலும் மூன்று, நான்கு மருந்து கலந்தவை. அதாவது பாராசிட்டமால் யாருக்கும் தெரியாமல் இரண்டாவது முறை உடம்புக்குள் நுழைவது எந்த அட்டை வழியாகவோ, அந்த அட்டைக்குத்தான் விலக்கு! கடையில் சாயங்கால வெளிச்சத்தில் என் கண்ணுக்கே அந்தப் பொடி எழுத்து தெரிவதில்லை. இந்த விலக்கை எடுக்கச் சொல்லி நீங்கள் ஒரு தலையங்கம் எழுத வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன்.

டெங்கு காலத்தில் இது இன்னும் முக்கியம். காய்ச்சல் எதனால் என்று தெரியாதபோது ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம் என்று சொல்வது சும்மா இல்லை. ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ள உதவும் நொதியை ஆஸ்பிரின் நிரந்தரமாக முடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, புது நொதி செய்துகொள்ள வழியில்லை, அது வாழும் ஏழு முதல் பத்து நாள் வரை அந்தப் பாதிப்பும் இருக்கும். மாரடைப்பு வந்தவருக்குத் தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் உயிர் காப்பது இந்தக் குணத்தால்தான், டெங்குவில் தட்டணு ஏற்கெனவே குறைந்திருப்பவருக்கு ரத்தக் கசிவைக் கூட்டுவதும் இதே குணத்தால்தான். ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் காய்ச்சல் வந்ததும் தாமாக நிறுத்தக் கூடாது, மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

டைக்ளோஃபெனாக் என்றதும் பிணந்தின்னிக் கழுகுகள் நினைவுக்கு வருகின்றன. அந்த வலி ஊசியை மாடுகளுக்குப் போட்டார்கள். அந்த மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. ஒரு காலத்தில் எங்கும் பறந்த வெண்முதுகுக் கழுகு இந்தியாவில் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்துபோனது. காரணம் இந்த மூலக்கூறுதான் என்று 2004இல் ஆராய்ச்சியாளர்கள் நிறுவினார்கள், 2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள், 2023இல் அசெக்ளோஃபெனாக்கையும் கீட்டோப்ரோஃபெனையும் தடை செய்தார்கள். அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. மெலாக்சிகம் கழுகுக்குத் தீங்கு செய்வதில்லை. நீலகிரியின் மோயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் கழுகுகள் பிழைப்பது, மாடு வளர்க்கிறவர் "வலி ஊசி" என்று கேட்காமல் "மெலாக்சிகம் போடுங்கள்" என்று கேட்பதில் இருக்கிறது. அந்த ஒரு பெயரை அவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க உங்களைவிடப் பெரிய வழி என்ன இருக்கிறது?

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பற்றியும் ஒரு வார்த்தை. பெயரில் அந்த மூன்று எழுத்தைப் போட்டு விற்ற இனிப்புப் பானங்களுக்கு 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதியை ரத்து செய்தது. ஹைதராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவர் பல வருஷம் போராடியதன் பலன் அது. உண்மையான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில், ஒரு லிட்டர் தண்ணீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம் இருக்கும். சர்க்கரை ருசிக்காக இல்லை. குடலில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே இழுக்கப்படும் ஒரு வழி இருக்கிறது, வயிற்றுப்போக்கிலும் அந்த வழி கெடுவதில்லை, அவை போகும் பின்னாலேயே தண்ணீரும் போகும். சர்க்கரை அளவு மீறினால் தலைகீழாகக் குடல் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டு போக்கு அதிகமாகும். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில், நரம்பில் ஏற்ற சலைன் தீர்ந்த நிலையில், மருத்துவர் திலீப் மஹலனபிஸ் இதே மாதிரி ஒரு உப்பு-குளுக்கோஸ் கரைசலைக் கலந்து வாய் வழியே கொடுக்கச் செய்து காலராச் சாவுகளைப் பெருமளவு குறைத்தார். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று வருகிறவர்களிடம் நான் இந்த நான்கு பெயரையும் பொட்டலத்தில் காட்டித்தான் கொடுக்கிறேன், அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை.

அதனால் என் கோரிக்கை இவ்வளவுதான். மருந்து, கலப்படச் செய்திகளில் பொருளின் பெயர், அளவு, அனுமதிக்கப்பட்ட அளவு மூன்றும் கட்டாயம் வர வேண்டும். நிருபருக்கு அன்றைக்கே கிடைக்கவில்லை என்றால் ஆய்வறிக்கை வந்த பிறகு தனியாகப் போடுங்கள், செய்தி பழசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அப்புறம், ராசிபலனுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதி கொடுத்தால்கூடப் போதும், வாரம் ஒரு மூலக்கூறு பற்றி எழுதலாம். விஷத்தைப் பற்றியே எழுத வேண்டும் என்பதில்லை. மிளகாயின் கேப்சைசின் நாக்கில் சூட்டை உணரும் அதே நரம்பைத் தொடுவதால்தான் காரம் எரிகிறது, தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும், அதனால் தண்ணீரைவிடப் பால் குடித்தால்தான் அடங்கும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். தைலத்தில் உள்ள மென்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தொடுகிறது. காபியின் கஃபீன் தூக்கத்தைச் சொல்லும் அடினோசினின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. பாட்டி தடுமாறாமல் சொல்லும் அந்த மெட்ஃபார்மின், ஐரோப்பாவில் வளரும் ஒரு செடியிலிருந்து கிடைத்த பொருளைப் பின்பற்றி வந்தது, 1957இல் பாரிஸில் ஜான் ஸ்டெர்ன் அதைச் சர்க்கரை நோய்க்குக் கொடுத்து வெளியிட்டார்.

முதல் வாரத்துக்குப் பாராசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிக் காய்ச்சல் கூட்டம் வருவதற்கு முன் வந்தால் நல்லது. எழுத ஆள் இல்லையென்றால் நானே எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம். அச்சில் வந்தால் வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
கும்பகோணம்.